இத்தாலியரின் ஊக்கமொழிகளும் எம்மவரும்

பிறமொழி கற்கப் புகுவார் முதலிற் கற்பன பொருட்பெயர்களும் எண்ணுப்பெயர்களுமே என்பது யாவரும் அறிந்தது. எம்மூரிலிருந்து இத்தாலி நாட்டிற்குச் சென்றோரும் அவ்வாறே கற்றனர். துடைப்பத்தின் பெயர், உருளைக்கிழங்கின் பெயர், சம்பள நாளின் பெயர், வதிவிட அனுமதிப் பத்திரத்தின் பெயர் ஆகியவற்றை அவர்கள் ஒரு திங்களுக்குள் மனனஞ் செய்துவிடுவர். பின்னர் அந்நாட்டுச் சட்டம் தேர்வெழுதுக என்கின்றது. 2010ஆம் ஆண்டு முதல் நீண்டகால வதிவிட உரிமை வேண்டுவோர் ஏ2 என்னும் படியிலும், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியுரிமை வேண்டுவோர் பி1 என்னும் படியிலும் இத்தாலிய அறிவைக் காட்டல் வேண்டும். எம்மவர் இவற்றையுந் தேறி விடுகின்றனர். தேர்வெழுதுவதில் யாழ்ப்பாணத்தாரை வெல்வார் யார்? ஆயினும், தாம் பராமரிக்கும் கிழவி ஒருத்தி நள்ளிரவில் விழித்திருந்து அழும்போது அவளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை அத்தேர்வுகளில் எவையும் கேட்பதில்லை. ஊக்கமும் ஆறுதலும் நன்னம்பிக்கையும் ஊட்டும் அன்றாடச் சொற்களையே ஒருவர் முதலிற் கற்றல் வேண்டும் என்பதும், அவற்றை அங்கே வாழ்வோர் மட்டுமன்றி இங்கே இருக்கும் நாமும் கற்றல் வேண்டும் என்பதும் என் கருத்து.

தமிழாசிரியனுக்கு இத்தாலியம் எதற்கு என்று சிலர் நகைப்பர். இத்தாலியருக்குத் தமிழ் எதற்கென்று எவரும் நகைக்காமையாலன்றோ நமக்குச் சதுரகராதி கிடைத்தது! 1680இல் இத்தாலியின் வடபால் உள்ள கஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்த கொன்ஸ்தன்சோ பெஸ்கி, வீரமாமுனிவராகித் தேம்பாவணி பாடினார். பரமார்த்த குருவையும் அவர்தம் சீடர்களையும் படைத்து நம்மைச் சிரிக்க வைத்தார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் இன்று நாம் மயங்காமல் எழுதுவது அவர் செய்த எழுத்துத் திருத்தத்தின் பயன். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே 1577இற் பிறந்த ரொபேர்த்தோ தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயருடன் மதுரையில் வாழ்ந்து தமிழ் உரைநடையில் நூல்கள் இயற்றினார். முதுமையிற் சிலகாலம் யாழ்ப்பாணத்திலும் தங்கினார். நம் காலத்தில், கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமாபுரியிற் கற்ற பின்னரே தமிழை உலக அரங்கிற்கு எடுத்துச் சென்றார். ஆதலின் இம்மொழிக்கும் எமக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் புதியதன்று. வாங்கியதே மிகுதி, கொடுத்தது குறைவு என்பது வேறு கதை.

இன்று அந்நாட்டில் எம்மவர் மிகுந்து வாழும் நகரங்களுள் ஒன்று சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ. 1983ஆம் ஆண்டின் பின் எம் தாயகத்திலிருந்து புறப்பட்டோரிற் பலர் அங்கே தங்கினர். 1990ஆம் ஆண்டுச் சட்டம், முந்திய ஆண்டின் இறுதிக்குள் நாட்டினுள் வந்தோர்க்கு வதிவிட அனுமதிக்கு வழி செய்தது. வீட்டுப்பணியும் முதியோர் பராமரிப்பும் அவர்கள் பெருவாரியாகச் செய்யுந் தொழில்கள். அந்நகரின் அருகே அறுநூறு மீற்றர் அளவு உயர்ந்த மலையொன்று உண்டு. அதிலுள்ள குகைக் கோயிலிற் சாந்தா ரொசாலியா என்னும் கன்னி வீற்றிருக்கின்றாள். 1624இற் கொள்ளைநோய் அந்நகரை அழித்தபோது, அவள் எலும்புகளைக் கண்டெடுத்து வீதியுலாக் கொண்டுசென்ற பின்னரே நோய் நீங்கிற்று என்பது அவ்வூரார் நம்பிக்கை. அம்மை நோய்க்கு அம்மனை அழைக்கும் எம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சைவராயிருந்தும் அவர்கள் அம்மலையேறி அவளை வழிபடுகின்றனர் என்பது அந்நாட்டுப் பத்திரிகைகளும் ஆராய்ச்சியாளரும் வியந்தெழுதிய செய்தி. சீரணி நாகபூஷணி அம்மனை வணங்கி வளர்ந்தவன் அங்கே போய்க் குகையிலிருக்கும் ஒரு தாயைக் கண்டால் கைகூப்பாது வேறென் செய்வான்?

இனிச் சொற்களுக்கு வருவோம். அந்நாட்டு வீதிகளில் ஒரு நாளில் நூறுமுறை காதில் விழுவது 'ஃபோர்த்ஸா' என்பது. 'வலிமை' என்பது அதன் நேர்ப்பொருள். பாரந்தூக்குவோனுக்கும், பந்தாடுவோனுக்கும், வைத்தியசாலைக் கட்டிலிற் கிடப்போனுக்கும் அவர்கள் அச்சொல்லொன்றையே கூறுவர். 'வலிமை கொள்' என்றோ 'வலிமை உனக்கு உண்டாகுக' என்றோ வினை சேர்ப்பதில்லை. வினையைக் கேட்போனே முடித்துக்கொள்ளல் வேண்டும். 1994இல் ஓர் அரசியற் கட்சி 'ஃபோர்த்ஸா இத்தாலியா' என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. அதன் பின்னர் அக்கட்சியை வெறுப்போர், தம் நாட்டு உதைபந்தாட்டக் குழுவை வாய்விட்டு ஊக்குவதற்கும் இடர்ப்பட்டனராம். ஊக்கச் சொல்லை ஒரு கட்சி தனதாக்கிக்கொண்டால் ஊரார்க்கு வரும் வில்லங்கம் இதுவே. இவ்வகைக் களவு நம் நாட்டிலும் நிகழாததன்று.

அடுத்தது 'தாய்'. ஆம், தமிழெழுத்தில் எழுதினால் அவ்வாறே எழுதல் வேண்டும். முதலெழுத்தைச் சற்று மென்மையாக ஒலித்தால் அதுவே இத்தாலியச் சொல். 'கொடு' என்னும் ஏவல்வினை அது. ஆனால் எதையும் கேட்பதற்கு அதனைக் கூறுவதில்லை. தயங்கி நிற்போனை நோக்கி 'வா, எழும்பு, செய்து பார்' என்னும் பொருளிற் கூறுவர். பந்தயத்தில் ஓடும் தமிழ்ப் பிள்ளையைப் பார்த்துச் சுற்றி நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் 'தாய், தாய்' என்று கூவுவதை முதன்முறை கேட்ட தாயொருத்தி தன்னைத்தான் அழைக்கின்றனர் என்று எண்ணி முன்னே சென்றாளென ஒரு பழைய மாணவர் கூறினார். அவர் கூட்டிச் சொல்லும் இயல்பினர். ஆயினும் கதை நன்று.

'கொராஜ்ஜோ' என்பது துணிவு. நெஞ்சைக் குறிக்கும் பழஞ்சொல்லின் வழிப் பிறந்தது. நம் 'நெஞ்சுரம்' என்பதும் அவ்விடத்திலேயே துணிவை வைத்திருத்தல் காண்க. 'நொன் மொல்லாரே' என்றால் 'தளரவிடாதே'. கப்பலிற் கட்டிய கயிற்றை நெகிழ்த்துதற்கும் அவ்வினையே வழங்கும். நாமோ 'கைவிடாதே' என்கின்றோம். அவர்கள் சொல்லிற் கயிறு உண்டு, நம் சொல்லிற் கை உண்டு. 'சே லா ஃபாய்' என்பது 'உன்னால் முடியும்' எனப் பொருள்படும். இதிலுள்ள முதலிரு சொற்களும் எதனைச் சுட்டுகின்றன என்று இலக்கணப்படி பிரித்துக் கேட்டால் இத்தாலியரே விழிப்பர். என்ன காரியம் என்று பெயரிடாமலே 'அதனை நீ செய்துவிடுவாய்' என்பது போன்ற தொடர் அது. காரியத்தின் பெயரைச் சொன்னால் அச்சம் மிகும் என்று கருதினர் போலும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த இன்பந் தந்தது 'இன் பொக்கா அல் லூப்போ' என்னுந் தொடர். 'ஓநாயின் வாயினுள்ளே' என்பது அதன் சொற்பொருள். தேர்வுக்குச் செல்லும் மாணாக்கனை இவ்வாறு வாழ்த்தி அனுப்புகின்றனர்! அவன் நன்றி கூறல் ஆகாது. கூறினால் வாழ்த்துப் பலியாது என்பர். 'க்ரேப்பி', அதாவது 'அது சாகட்டும்', என்றே விடையிறுத்தல் வேண்டும். விலங்குகளிடத்து இரக்கமுடையோர் இக்காலத்தில் 'வீவா இல் லூப்போ', 'ஓநாய் வாழ்க', என்கின்றனர். தாய் ஓநாய் தன் குட்டியை வாயிற் கவ்விச் சென்று காப்பதால் அவ்வாயே பாதுகாப்பான இடம் என்பது அவர்கள் கூறும் புதுவிளக்கம். இதனைக் கேட்டவுடன் வைணவர் கூறும் மார்ச்சால நியாயம் என் நினைவிற்கு வந்தது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக் காப்பது போல இறைவன் அடியவனைக் காப்பான் என்பது அது. ஓநாயும் பூனையும் ஒரே உவமையில் வந்து சந்திக்கும் என யார் எண்ணியிருப்பார்?

நல்லதை நேரே சொன்னாற் கெட்டது வந்து தாக்கும் என்னும் அச்சமே இத்தொடருக்கு வேர் என்று யான் கருதுகின்றேன். அவ்வச்சம் நமக்கும் உண்டு. கொழுத்த குழந்தையைப் பார்த்து 'வடிவான பிள்ளை' என்றால் அதன் பேர்த்தி உடனே நாவூறு கழிக்க மிளகாய் தேடுவாள். இத்தாலியருங் கண்ணூற்றுக்கு அஞ்சுபவரே. நாம் புறப்படுகையிற் 'போகிறேன்' என்னாது 'போட்டு வாறன்' என்பதும் இவ்வகையின்பாற்படும். பரீட்சைக்குச் செல்லும் பிள்ளை கல்வளைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வரும்போது, வீட்டார் 'நல்லாய்ச் செய்வாய்' என்று கூறுவதிலும் பார்க்கப் 'பேனையை எடுத்தியோ?' என்று கேட்பதே வழக்கம். அக்கேள்வியே வாழ்த்து என்பதை அப்பிள்ளையும் அறியும்.

மெல்லச் செய்வோனை ஊக்குதற்கு இத்தாலியர் 'பியானோ பியானோ' என்பர். 'மெல்ல மெல்ல' என்னும் நம் அடுக்குத்தொடர் போன்றதே அது. பியானோ என்னும் இசைக்கருவியின் பெயரும் அச்சொல்லே. மெல்லவும் வலியவும் ஒலிக்கவல்லது என்னும் பொருளில் இடப்பட்ட நெடும்பெயரின் முற்பாதி அது. பிற்பாதி மேற்கூறிய ஃபோர்த்ஸாவின் இனத்தது. இவ்விடத்தில் நம் யாழ்ப்பாணத் தமிழின் பெருமையொன்றைக் கூறாது செல்லல் முறையன்று. நாம் 'ஆறுதலாய் வாங்கோ', 'ஆறுதலாய்ச் செய்' என்று கூறுகின்றோம். அவசரமின்றி, மெதுவாக என்பது அதன் பொருள். துயருற்றோனைத் தேற்றுவதும் 'ஆறுதல்' என்னும் அச்சொல்லே. விரைவின்மையும் தேறுதலும் ஒரு சொல்லுக்குள் அமைந்திருக்கின்றன. கொதித்த பால் ஆறுவதற்கும், புண் ஆறுவதற்கும், மனம் ஆறுவதற்கும் வேண்டுவது பொழுது ஒன்றே என்பதை எம் முன்னோர் ஒரு வினையடியில் அடக்கி வைத்தனர். தமிழகத்தார் 'ஆறுதலாக வாருங்கள்' என்னும் நம் வழக்கைக் கேட்டுச் சற்றுத் திகைப்பதுண்டு. அவர்கள் திகைக்கட்டும், நாம் இச்சொல்லை விடல் ஆகாது.

இனி ஒரு மறுப்பைக் கருதல் வேண்டும். இவ்வகைச் சொற்கள் வெறுங்காற்று, பொய் நம்பிக்கை என்பார் உளர். அவர்கட்குச் சான்று இத்தாலியிலேயே உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொறோனா நோயால் அந்நாடு முழுவதும் வீட்டிற்குள் அடைபட்டபோது, சிறுவர் வானவில் வரைந்து அதன் கீழ் 'அந்த்ரா துத்தோ பேனே' என்றெழுதி மாடங்களில் தொங்கவிட்டனர். 'எல்லாம் நன்றாகவே போகும்' என்பது பொருள். அதே மாதம் 18ஆம் நாள் பெர்கமோ நகரிலிருந்து சவப்பெட்டிகளை இராணுவ வண்டிகள் வரிசையாக ஏற்றிச் சென்றன. அவ்வாண்டு முடிவதற்குள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். எல்லாம் நன்றாகப் போகவில்லை. வானவிற் சீலைகள் வெயிலில் வெளிறின. அத்தொடரைக் கேட்டாலே சினங்கொள்வோரும் தோன்றினர். அவர்கள் சினம் நேர்மையானதே.

ஆயினும் அச்சொல்லைக் கணக்கு வைத்து அளத்தல் முறையா? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை இம்மலரின் வாசகரிற் பலர் மறந்திரார். அன்று யான் பதினைந்து வயதினன். நாவற்குழி வீதியில் ஓரடி வைக்க அரைமணி நேரம் காத்துநின்ற அக்கூட்டத்தில், முன்பின் அறியாத முதியவர் ஒருவர் என் தங்கையின் தலையிற் கைவைத்து 'இந்தா வந்திட்டம் பிள்ளை, இந்தா வந்திட்டம்' என்று கூறிக்கொண்டே நடந்தார். எங்கே வந்தோம்? எங்கும் வரவில்லை. விடிந்தபின்னும் பாதி வழியிலேயே நின்றோம். ஆனால் அவரைப் பொய்யர் என்று என் தங்கை இதுவரை கூறியதில்லை.

பின்னாளில் ஆசிரிய கலாசாலையில் நன்னூல் கற்கையில், விரைவும் மிகுதியும் தெளிவும் பற்றி ஒரு காலம் மற்றொரு காலமாகச் சொல்லப்படும் என்னும் கால வழுவமைதி வந்தது. உண்ண இருப்போன் 'உண்டேன்' என்பதும், வர இருப்போன் 'வந்தேன்' என்பதும் அதற்குக் கூறும் எடுத்துக்காட்டுகள். வகுப்பில் மற்றையோர் அதனைக் குறிப்பெழுதிக் கொண்டிருந்தனர். எனக்கு நாவற்குழி வீதி தோன்றிற்று. இத்தாலியர் எதிர்காலத்தில் வைத்து 'நன்றாகப் போகும்' என்று வாக்களிக்கின்றனர். அது பலியாதபோது வாக்குப் பொய்த்தது என்று வழக்கிட இடமுண்டு. நாம் இறந்தகாலத்தில் வைத்து 'வந்திட்டம்' என்று கூறிவிடுகின்றோம். கேட்பவனும் அது நிகழவில்லை என்பதை அறிவான்; கூறுபவனும் அறிவான். இருவரும் அறிந்தே சொல்லியுங் கேட்டும் நடக்கின்றனர். இலக்கணநூலார் இதனை வழு என்னாது வழுவமைதி என்றது எத்துணைப் பெருந்தன்மை! அவர்கள் 'எல்லாம் போகும்' என்பதை நாம் 'எல்லாம் சரிவரும்' என்று 'வரும்' போட்டுக் கூறுவதும் நோக்கத்தக்கது. தீயது போதலை அன்று, நல்லது வந்து சேர்தலையே நாம் எதிர்பார்க்கின்றோம்.

இவ்வளவு செல்வம் கையிலிருந்தும் எம் வகுப்பறைகள் வறண்டு கிடப்பதை என்னென்பது? இத்தாலிய ஆசிரியர் மாணவனைப் 'பிராவோ' என்றும், மாணவியைப் 'பிராவா' என்றும், ஆடவர் பலரையும் இருபாலார் கலந்த குழுவையும் 'பிராவி' என்றும், பெண்கள் பலரைப் 'பிராவே' என்றும் பாராட்டுவர். பாலும் எண்ணும் பிழையாமல் அவரவர்க்கு அளந்து கொடுக்கும் பாராட்டு அது. நமக்கும் கெட்டிக்காரன், கெட்டிக்காரி, கெட்டிக்காரர் என்று அதே ஒழுங்கில் உண்டு. ஆனால் நாம் அவற்றை எப்போது வழங்குகின்றோம்? தொண்ணூறு புள்ளி எடுத்த பிள்ளைக்குப் 'பரவாயில்லை' என்கின்றோம். நாற்பது எடுத்தவனுக்கு மாட்டின் பெயரையும் மரத்தின் பெயரையும் சூட்டுகின்றோம். அடித்து வளர்த்தமையாலேயே முன்னோர் படித்தனர் என்று வாதிடும் ஆசிரியரை யான் அறிவேன். அடிபட்டுப் பள்ளியை விட்டு ஓடியவர்கள் விழா மலர்களிற் கட்டுரை எழுதுவதில்லை; ஆதலின் அவர்கள் தரப்பு நமக்குக் கேட்பதில்லை. வள்ளுவர் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என அதிகாரங்கள் வகுத்தார். அவற்றை ஒப்புவிக்கத் தவறிய பிள்ளையைத் தலைகுனிய வைத்தே நாம் ஊக்கமுடைமை கற்பிக்கின்றோம்.

இதனினும் எனக்குக் கவலை தருவது மற்றொன்று. இன்று சண்டிலிப்பாயில் ஓர் அம்மம்மா இருக்கின்றாள். பலெர்மோவிலோ பொலோஞ்ஞாவிலோ அவள் பேரப்பிள்ளை இருக்கின்றது. ஞாயிறுதோறும் கைப்பேசியில் இருவரும் முகம் பார்க்கின்றனர். 'சாப்பிட்டியோ?' என்று அவள் கேட்கின்றாள். 'ஓம்' என்று பிள்ளை கூறுகின்றது. அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. பிள்ளைக்குத் தமிழ் ஐம்பது சொல், கிழவிக்கு இத்தாலியம் ஒரு சொல்லுமில்லை. தமிழைக் கற்பிக்காத பெற்றோரைப் பழித்து மேடைகளிற் பேசுவது எளிது. பகல் முழுவதும் பிறர் வீட்டில் உழைத்து இரவில் திரும்புவோர்க்கு அப்பழி சற்று மிகையானது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் தம்மாலியன்றதைச் செய்கின்றன. அவை தமிழை அங்கு வளர்க்க, நாம் இங்கிருந்து பாலத்தின் மறுகரையைக் கட்டலாகாதா?

அம்மம்மா இத்தாலியம் முழுவதும் கற்க வேண்டியதில்லை. தேர்வுக்கு முதல்நாள் அவள் 'இன் பொக்கா அல் லூப்போ' என்று கூறினால் அப்பிள்ளை திகைத்துச் சிரிக்கும். பின் 'க்ரேப்பி, நொன்னா' என்று கூறும். 'நொன்னா' என்பது பாட்டி. அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் அவர்களிடம் அவ்வொரு சொல்லே உண்டு என்பதைக் கேட்டு நம் கிழவிகள் முகஞ்சுழிப்பர். அப்போது வேறுபாட்டை விளக்கித் தமிழுறவுமுறை கற்பிக்க நல்ல வாய்ப்பும் ஏற்படும். இத்தாலியம் நம் நாவுக்கு வருந்தும் மொழியன்று. அதன் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவன. ஒற்று இரட்டிப்பதாற் பொருள் வேறுபடுவதும் நமக்குப் பழக்கமே. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் பாட்டன். வல்லினம் மிகுமிடமும் மிகாவிடமும் கற்ற எம்மவர்க்கு இது எம்மாத்திரம்!

எனவே பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இத்தாலியிலுள்ள எம் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தாம் நாடோறும் கேட்கும் ஊக்கச் சொற்களிற் பத்தைத் தமிழெழுத்தில் எழுதி, எந்தச் சமயத்தில் யார் யாருக்குக் கூறுவர் என்னும் குறிப்புடன் அனுப்புக. பலெர்மோவில் இருப்போர் 'அமுனீ' போன்ற சிசிலித் தீவின் ஊர்ச்சொற்களையும் விடாது சேர்த்தல் வேண்டும். பிள்ளைகள் தெருவிற் பேசுவது அதுவே. எதிர்ப்பக்கத்தில் அச்சிடுவதற்குரிய நம் ஊர்த் தொடர்களை எட்டாம் வகுப்பு மாணாக்கர் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் திரட்டத் தொடங்கியுள்ளனர். 'இந்தா வந்திட்டம்' என்பதனை ஆறு பிள்ளைகள் தனித்தனியே எழுதி வந்தனர். ஒரு சிறுமி 'பேனையை எடுத்தியோ?' என்பதையும் எழுதிவந்து, இதுவும் ஊக்கமொழியா என்று கேட்டாள். சேர்த்துக்கொள் என்றேன். சிறு நூலாக அச்சிட முப்பத்திரண்டு பக்கம் போதும். எழுத்து மட்டும் கண்ணாடி அணிந்தோர்க்கு ஏற்றவாறு பெரிதாயிருத்தல் வேண்டும். சங்கத்தின் முகவரி இம்மலரின் பின்னட்டையில் உள்ளது.